இடுப்பில் கிடந்த சாவி

நாடகக் குழுவின் மூத்த நடிகை பெரியம்மா மேடையிலிருந்து பக்கத்து இருட்டுக்குள் வந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டால் போதும், மீதியெல்லாம் கொக்கி அக்காவின் பாடு. கழுத்துக் கொக்கியில் தொடங்கிய விரல்கள் இடுப்புக் கொக்கிக்கு வந்து சேரும்போது பெரியம்மா பழைய உடுப்பிலிருந்து காலைத் தூக்கியிருப்பாள். தரையில் வட்டமாக விரித்து வைத்திருக்கும் அடுத்த உடுப்புக்குள் அதே கால் இறங்கியிருக்கும். பெரியம்மா தலையில் துணியைச் சுற்றிக்கொள்வதற்குள் அக்கா முதுகை மூடிவிடுவாள். பெரிய வீட்டு அம்மாவாக இந்தப் பக்கம் உள்ளே வந்தவள் சலவைக்காரியாக அந்தப் பக்கம் வெளியே போவாள். கண்ணை மூடித் திறக்கும் நேரம் என்பார்களே, அதில் மூடுகிற பாதிதான் ஆகும். புதிதாகச் சேரும் நடிகர்கள் இந்த வித்தையைப் பார்ப்பதற்கென்றே திரைக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். அக்கா அவர்களைப் பார்க்காதவள் மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் பெருமை தாங்காது.

அரங்கத்தின் உடுப்பு அறை அவள் பொறுப்பு. தைக்கும்போது நாலைந்து கொக்கிகளை உதட்டில் கவ்விக்கொள்வது அவள் பழக்கம். அதனால்தான் அந்தப் பெயர். பழக்கம் என்று சொன்னேன், அதில் கொஞ்சம் தந்திரமும் உண்டு. வாயில் கொக்கி இருக்கிறவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. எங்கேயாவது பேச்சு சூடாகிறது என்று தெரிந்தால் அக்காவின் கை தானாகக் கொக்கி டப்பாவுக்குப் போகும். வீட்டிலும் ஒரு டப்பா வைத்திருந்தாள்.

அவர்கள் ஆண்டாண்டாகப் போட்டுவந்த நாடகம் பழையது. ஓர் ஆறு, இரண்டு கரை, இரண்டு குடும்பம். இரண்டுமே படகு ஓட்டிப் பணக்காரரான குடும்பங்கள். அவர்களுக்குள் பரம்பரைச் சண்டை. எதற்குச் சண்டை என்று நாடகத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. எழுதியவருக்கும் இல்லை போலிருக்கிறது. இந்தக் கரைப் பெண்ணும் அந்தக் கரைப் பையனும் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். இரண்டு அப்பாக்களும் தங்கள் படகுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். படகைப் பூட்டலாம், ஆற்றைப் பூட்ட முடியுமா? பெண்ணை வெளியூர் அனுப்பப்போகிறார்கள் என்று சலவைக்காரி போய்ச் சொல்ல, அவன் அங்கிருந்து நீந்துகிறான். இவள் இங்கிருந்து இறங்குகிறாள். நட்டாற்றில் இரண்டு பேரும் மூழ்கிப் போய்விடுகிறார்கள். காலையில் அப்பாக்கள் இருவரும் ஓடிவந்து, கரையில் கிடக்கும் பிள்ளைகளுக்கு மேலாக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். பார்க்கிறவர்களும் அழுவார்கள். திரை விழும்.

இந்தப் பக்கத்துச் சங்கிலியின் சாவி முதல் காட்சியிலிருந்து பெண்ணின் அம்மா இடுப்பில் தொங்கும். மரத்தில் செதுக்கி வெள்ளிப் பூச்சுப் பூசிய சாவி, கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று முழங்கை நீளத்துக்குச் செய்தது. மகள் அம்மாவின் மடியில் விழுந்து கதறுவாள். அம்மா, "தந்தை சொல் கேள், மகளே" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, துணிக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சாவி ஆட ஆடப் போய்விடுவாள்.

ஏன் போகிறாள்? அவள் உடனே சலவைக்காரியாக மாறவேண்டும், அதனால் போகிறாள். ஒரு காலத்தில் அம்மாவுக்கு ஒரு நடிகை, சலவைக்காரிக்கு வேறு நடிகை. அப்போது அந்த இடத்தில் அம்மாவுக்கு மகளோடு நீளமாகப் பேச்சு இருந்ததாம். குழு சுருங்கியது, இரண்டு வேஷமும் ஒருத்தி தலையில் வந்து விழுந்தது, உடுப்பு மாற்ற நேரம் வேண்டுமென்று அம்மாவின் பேச்சை வெட்டிவிட்டார்கள். சாவியை மட்டும் எடுக்க மறந்துபோனார்கள். ஒருமுறை நாடகம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒருவர் உள்ளே வந்து, "அந்தத் தாயோட மௌனம் இருக்கே, அதுதாங்க என்னைக் கொன்னுடுச்சு" என்றார். பெரியம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "மௌனமாவது ஒண்ணாவது. நான் உடுப்பு மாத்த வேணாமாப்பா?" என்றாள்.

படகையும் சாவியையும் செய்தவர் அக்காவின் கணவர். அரங்கத்தின் தச்சர். நல்ல மனுஷன், ரோஷம் மட்டும் ஒரு மரக்கால் கூடுதல். படகுக்கு அடியில் சக்கரம் வைத்து, மறுபக்கத்திலிருந்து கயிற்றால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரிச் செய்திருந்தார். நாடகத்தில் படகு ஓடுவதே இல்லை, சங்கிலியோடு கிடக்கிறது, அதற்கு எதற்குச் சக்கரம் என்று கேட்டால், "படகுன்னா ஓடணும். ஓடுதா இல்லையாங்கறது அவங்கவங்க விதி" என்பார். வாரம் தவறாமல் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவார்.

அவரும் விளக்கண்ணனும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். விளக்கண்ணன் மேடைக்கு மேலே இரும்புப் பாலத்தில் உட்கார்ந்து விளக்குகளை இயக்குகிறவர். அக்கா அவரை "அண்ணே" என்று கூப்பிடப் போக, அந்த முறையில் தச்சரும் அவரும் ஒருவரையொருவர் "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிறகு தச்சர் இந்த நாடகத்துக்காக ஒரு நிலா செய்தார். மாதக்கணக்கில் இழைத்து, வர்ணம் பூசி, பள்ளமும் மேடுமாக நிழல் தீட்டி மேலே தொங்கவிட்டார். ஒத்திகையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க விளக்கண்ணன் பாலத்திலிருந்து குனிந்து, "என்ன மச்சான், கழுவாம வெச்ச தட்டு மாதிரி இருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தச்சர் சிரிக்கவில்லை. "உன் வெளிச்சம் விழுந்தா கழுவின தட்டும் அழுக்காத்தான் தெரியும்" என்றார். இப்போது விளக்கண்ணன் சிரிக்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். அதற்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்துக்கொண்டு, ஒரே பாத்திரத்துத் தேநீரைக் குடித்துக்கொண்டு, "அந்தாள்கிட்ட ஏணிய நகத்தச் சொல்லு" என்றும் "அவர்கிட்ட ஏணி நகராதுன்னு சொல்லு தங்கச்சி" என்றும் அக்கா வழியாகவே காலத்தை ஓட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இடைவேளையில் அவர்கள் சண்டையெல்லாம் நாடகத்தைப் பற்றியே இருக்கும். அந்தப் பிள்ளைகள் செத்ததற்கு யார் காரணம்? "அந்தக் கரைக்காரன்தான். அவன் மொதல்ல பூட்டினான்" என்பார் தச்சர், பொதுவாகச் சுவரைப் பார்த்து. "பூட்டினது தப்புன்னா மத்தவன் தெறந்து விட்டிருக்கலாமே" என்று மேலேயிருந்து பதில் வரும், அதுவும் பொதுவாக. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாமலே இரண்டு பேரும் தொண்டை வறளப் பேசுவார்கள். பெரியம்மா, "ரெண்டு தடியனுங்களையும் பெத்தவளுங்க ஒழுங்கா வளத்திருந்தா ஆத்துல யாரும் சாக வேண்டியதில்ல" என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவைப்பாள். அக்காவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் வாயில் கொக்கி இருந்திருக்கும்.

அக்காவின் மகளும் விளக்கண்ணனின் மகனும் இந்த அரங்கத்திலேயே வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஓடாத அந்தப் படகுக்குள் எதிரெதிராக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர்கள். இப்போது அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். அவன் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள் என்று தெரிந்தபோது அக்காவுக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. தச்சர் மட்டும் வானமே இடிந்து விழுந்துவிட்ட மாதிரி எழுந்து நின்றார். "வேற எந்த வீட்டுப் பையனா இருந்தாலும் கண்ண மூடிக்கிட்டுச் சரின்னிருப்பேன். அந்த வீடு வேணாம்" என்றார். பையனைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமே கிடைக்காமல், "லிஃப்ட்காரன், பாதியில நிறுத்திட்டுப் போயிடுவான்" என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லும்மா." "அவள முதல்ல சாப்பிடச் சொல்லு." அரங்கத்தில் பார்த்த தபால் வேலை அக்காவுக்கு வீட்டுக்கும் வந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை காலை, தச்சர் முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தார். அக்கா சமையலறை மேசையில் பெரியம்மாவின் உடுப்பை விரித்து, தளர்ந்துபோன கொக்கிகளை மாற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் வேலைக்குக் கிளம்பியவள் கைப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, திங்கக்கிழம காலைல பதிவு ஆபீஸ்ல நேரம் வாங்கிட்டோம். அவனுக்கு வேற ஊருக்கு மாத்தலாயிருக்கு. அப்படியே கிளம்பிடுவோம்."

அக்காவின் ஊசி பாதித் துணியில் நின்றது.

"அவங்கப்பா வரேன்னுட்டாரு. நம்ம அப்பாகிட்ட நான் கேக்கப் போறதில்ல, கேட்டா என்ன சொல்வாருன்னு தெரியும். உன்னைத்தான் கேக்கறேன். நீ வருவியா?"

அக்காவின் வாயில் கொக்கிகள் இருந்தன. எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம். எடுக்காமலே, பல்லிடுக்கில், "அப்பா சொல்றதையும் கொஞ்சம் யோசிக்கணும்ல" என்றாள். பிறகு எழுந்தாள். பின்கட்டில் துவைத்த துணி உலரப் போடாமல் கிடந்தது. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மகள் சிரித்துவிட்டாள். "அய்யோ, கூடை வந்துடுச்சு!" என்றாள். சின்ன வயதிலிருந்து அந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்தவள். சிரித்து முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "அம்மா, இடுப்புல சாவி ஒண்ணுதான் குறைச்சல்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா துணிகளை உலரப் போட்டாள். ஒரே சட்டையை இரண்டு தரம் உதறிப் போட்டாள். பெண்ணைப் பெற்று, காய்ச்சலுக்கும் சளிக்கும் கண்விழித்து, பல் விழுந்தபோது பல்லைத் தேடி, ஒவ்வோர் ஆண்டும் பாவாடை நீளத்தைப் பிரித்து இறக்கித் தைத்து வளர்த்தாள். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டதற்குத் தான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. மேடையில் இருக்கிறவளுக்காவது உடுப்பு மாற்ற வேண்டும் என்ற சாக்கு இருக்கிறது. எனக்கு என்ன சாக்கு? திங்கட்கிழமை போய்விடுவாள். போன பிறகு இவரும் நானும் இந்தச் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து யார் மூலமாகப் பேசிக்கொள்வோம்?

சனிக்கிழமை மத்தியானக் காட்சிதான் அந்தப் பருவத்தின் கடைசி நாடகம். கூட்டம் நல்ல கூட்டம். அக்கா வழக்கமான இடத்தில், சலவைக்காரி உடுப்பைத் தரையில் வட்டமாக விரித்துவிட்டு நின்றாள். வாயில் கொக்கி. மேடையில் பெண் அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். "தந்தை சொல் கேள், மகளே." கூடை எழுந்தது. சாவி ஆட ஆட, பெரியம்மா இருட்டுக்குள் வந்து முதுகைத் திருப்பி நின்றாள்.

அக்காவின் விரல் கழுத்துக் கொக்கியைத் தொட்டது. தொட்டதோடு நின்றுவிட்டது.

மேடையில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து அழுகிற சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். ஆனால் தினமும் அந்த நேரத்தில் அக்கா ஐந்தாவது கொக்கியிலோ ஆறாவது கொக்கியிலோ இருப்பாள். காது கேட்டாலும் மனசுக்குப் போகாது. தன் கைவேகம் என்று பெருமைப்பட்டதெல்லாம் ஓர் அம்மாவை மகளிடமிருந்து சீக்கிரம் கூட்டிக்கொண்டு போகிற வேகம்தான் என்று அவளுக்கு அந்த இருட்டில் உறைத்தது.

"ம், கழட்டு. என்ன பண்ற?" என்றாள் பெரியம்மா தாழ்ந்த குரலில்.

அக்கா வாயிலிருந்த கொக்கிகளை உள்ளங்கையில் துப்பினாள். "பெரியம்மா, திரும்பிப் போங்க. அந்தச் சாவியக் குடுத்துட்டு வாங்க."

"கொக்கி, உனக்குப் பைத்தியமா?"

"அவகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு வாங்க. புள்ள தனியா அழுவுது."

பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் எதைக் கண்டாளோ, கேள்வி கேட்கவில்லை. சாவியைக் கையால் பிடித்துப் பார்த்தாள். "எத்தன வருஷமா இது இடுப்புல கெடந்து குத்துது தெரியுமா" என்றாள். கூடையை அக்காவின் கையில் திணித்துவிட்டு, நிமிர்ந்து, மறுபடி வெளிச்சத்துக்குள் நடந்தாள்.

அழுதுகொண்டிருந்த கதாநாயகி நிமிர்ந்து பார்த்து, பேயைப் பார்த்த மாதிரி வாயைப் பிளந்தாள். பெரியம்மா அவள் பக்கத்தில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தாள். முதலில் நாடகத் தமிழிலேயே, "மகளே, தந்தை சொல் கேள் என்றேன்" என்று தொடங்கினாள். அதற்கு மேல் எழுதிவைத்த வரி ஏதும் இல்லாததால் சொந்தத் தமிழுக்கு இறங்கிவிட்டாள். "இப்ப அம்மா சொல்லையும் கேட்டுக்க. ராத்திரித் தண்ணில எறங்காத. குளிரும். படகுல போ. போய்ச் சேர்ந்ததும் சொல்லி அனுப்பு." இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் மடியில் வைத்தாள். தலையைத் தடவிக்கொடுத்தாள். எழுந்து வந்துவிட்டாள். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

திரைக்குப் பின்னால் அரங்கத்து மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் குதித்துக்கொண்டிருந்தார்.

கதாநாயகி கெட்டிக்காரப் பெண். சாவியைத் தூக்கிக்கொண்டு படகிடம் போனாள். அந்தப் பூட்டு எந்தச் சாவிக்கும் திறக்காது. சங்கிலி சும்மா ஓர் ஆணியில் மாட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மறுபக்கத்தைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பக்கம் கயிற்று முனையருகே தச்சர் நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ ஆண்டாக எண்ணெய் மட்டும் போட்ட சக்கரம். அவர் குனிந்து கயிற்றைப் பிடித்தார். அதே நேரத்தில் விளக்கு மங்கத் தொடங்கியது. அது பிள்ளைகள் மூழ்குகிற காட்சிக்கு நிலாவை அணைக்கிற நேரம். மேலே விளக்கண்ணனின் கை பழக்கத்தில் போய்விட்டது.

தச்சர் தலையை உயர்த்திக் கத்தினார். மெதுவாகத்தான் கத்தினார், ஆனாலும் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"மச்சான், அணைக்காத! படகு போவுது!"

ஒரு மூச்சு விடுகிற நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு நிலா திரும்ப மேலேறிப் பிரகாசித்தது. பாலத்திலிருந்து குரல் வந்தது: "தெரியுது மச்சான். நீ மெதுவா இழு, புள்ள விழுந்துடப் போறா."

படகு ஓடியது. சத்தமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு, நீலத் துணி ஆற்றின் மேல் போனது. சலவைக்காரிக்காகக் காத்துக்கொண்டு மறுகரையில் விழித்தபடி நின்ற கதாநாயகன் படகைப் பார்த்ததும் வேறு வழியில்லாமல் ஏறிக்கொண்டான். நிலா முழு வெளிச்சத்தில் அவர்கள் தலைக்கு மேல் நின்றது. அக்கா கையில் கூடையோடு அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குக் கணவர் மேல் எவ்வளவோ பிரியம் உண்டு. ஆனாலும் உண்மையைச் சொன்னால், அந்த நிலா கொஞ்சம் கழுவாத தட்டு மாதிரித்தான் இருந்தது.

கடைசிக் காட்சிக்கு வந்த அப்பாக்கள் இருவருக்கும் அழுவதற்குப் பிள்ளைகள் இல்லை. காலியாகக் கிடந்த கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எங்கே?" என்றார் ஒருவர். அது நாடகத்து வரியா, அவருடைய சொந்தச் சந்தேகமா, தெரியவில்லை. "போய்ட்டாங்க" என்றார் மற்றவர். என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கைதட்டல் கொஞ்சம் குழப்பமாகத் தொடங்கிப் பலமாக முடிந்தது. மேனேஜர் கத்த வாயைத் திறந்தபோது பெரியம்மா முந்திக்கொண்டாள். "வயசாச்சுப்பா, மறந்துபோய்த் திரும்பப் போயிட்டேன்" என்றாள், ஒரு வரிகூட மறக்காதவள்.

விளக்கண்ணன் இரும்பு ஏணியில் இறங்கி வந்தார். தச்சர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அக்கா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"மெதுவா இழுன்னு எனக்குச் சொல்ல நீ யாரு?" என்றார் தச்சர்.

"அணைக்காதன்னு எனக்குச் சொல்ல நீ யாரு?" என்றார் விளக்கண்ணன்.

அன்று சாயங்காலம் மேடையைப் பிரித்து அடுக்குகிற வரைக்கும் இருவரும் வாய் ஓயாமல் சண்டை போட்டார்கள். நேருக்கு நேராக, யார் வழியாகவும் இல்லாமல். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உடுப்புகளை மடித்து வைத்த அக்காவுக்கு அன்று அலுப்பே தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது தச்சர் உள்ளங்கையில் பதிந்த கயிற்றுத் தடத்தைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, "மச்சான்னு வாய் தவறி வந்துடுச்சு" என்றார்.

"நல்ல வாய்தான்" என்றாள் அக்கா. தெருமுனை வரைக்கும் நடந்தாள். பிறகு சொன்னாள்: "என்னங்க, திங்கக்கிழம அவளுக்குப் பதிவுக் கல்யாணம். நான் போறேன்."

அவர் நின்றுவிட்டார். "என்னைக் கேக்காமயா?"

"இத்தன வருஷமா எல்லாத்தையும் உங்களக் கேட்டுட்டேன். இத மட்டும் சொல்றேன்."

அவர் கோபிக்கப் பார்த்தார். எதைப் பிடித்துக்கொண்டு கோபிப்பது என்று தெரியவில்லை. "பையனோட அப்பன் வந்து பொண்ணு கேட்டானா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அவரு எனக்கு அண்ணன். அண்ணன் மகன் என் பொண்ணுக்கு முறைப் பையன். இதுக்கு மேல என்னங்க முறை?"

"அது நாம சும்மா வாயால வெச்ச முறை."

"எல்லா முறையும் யாரோ வாயால வெச்சதுதான்" என்றாள் அக்கா. அவர் மீதி வழியெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பட்டறையில் எதையோ இழைத்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றார். அக்கா மகளுக்குத் தன் பழைய பட்டுத்துணி ஒன்றை வெட்டி உடுப்புத் தைத்தாள். அம்மா வருகிறாள் என்று கேட்டதும் மகள் மிஷினுக்குப் பின்னால் வந்து நின்று, அம்மாவின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, தையல் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் வலித்தது. அக்கா அசையவில்லை.

திங்கட்கிழமை காலை மகள் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்றாள். அக்கா இடுப்பிலிருந்து தொடங்கினாள். ஒரு கொக்கி. அதைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்று. கீழே தெருவில் விளக்கண்ணனின் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"அம்மா, வேகமா! நீ இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டுப் பாத்ததே இல்ல."

"இரு. எனக்கு வேற உடுப்பு மாத்த வேண்டியதில்ல" என்றாள் அக்கா. ஒவ்வொரு கொக்கியாக, அவசரப்படாமல், கழுத்துவரை போட்டாள். கடைசிக் கொக்கியைப் போட்ட பிறகும் கையை எடுக்க மனசு வரவில்லை. அந்தப் பிடரியில் சின்ன வயதில் ஒரு மச்சம் இருந்தது. இப்போதும் இருந்தது.

கூடத்தில் வாசற்கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் தச்சர் உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார். ஒரு காலில் ஷூ; நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தார். இன்னொரு ஷூ மடியில் கிடந்தது. அதன் பக்கத்தில் புதிதாக இழைத்த மரச்சாவி ஒன்று, இந்த முறை உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில்.

மகள் அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடினார். "எதுக்கும் ஆகாது. சும்மா செஞ்சது" என்றார்.

"அப்பா, வாயேன்."

"கழுவாத தட்டுன்னான்" என்றார் தச்சர், மடியிலிருந்த ஷூவிடம்.

ஹாரன் மறுபடி அடித்தது. கீழேயிருந்து விளக்கண்ணனின் குரல் மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. "மச்சான், இன்னும் என்ன பண்ற? வரியா, நான் மேல வரட்டுமா?"

தச்சர் ஷூவைக் கையில் எடுத்து, அதற்குள் ஏதோ கல் கிடக்கிற மாதிரிக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை. படியின் திருப்பத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது, திறந்த கதவு வழியாகத் தெரிந்த வெளிச்சத்தில் அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கால் ஷூவோடு தரையில் ஊன்றியிருந்தது. மற்றக் கால் வெறுங்காலாக, பெருவிரலைத் தூக்கிக்கொண்டு, அந்தரத்தில் நின்றது.